பே பாலத்தில் உடைந்த 32 கம்பிகள்: உலோகப் பூச்சுத் தொழிலுக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

2013 மார்ச் மாதம். சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் பே பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியைத் திறக்க ஆறு மாதமே மிச்சம். ஈ2 எனப்படும் தூணின் தலைப்பில் ஷியர் கீ என்ற பெரிய எஃகுக் கட்டமைப்புகள் இருக்கின்றன. நிலநடுக்கம் வந்தால் பாலத் தளம் பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைப்பது அவற்றின் வேலை. அவற்றில் இரண்டைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தவை 96 நங்கூரக் கம்பிகள். ஒவ்வொன்றும் 3 அங்குல விட்டம், ஆள் உயரத்தைவிட நீளம், ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சுப் போடுவது) செய்தது. மார்ச் 1 முதல் 5 வரை ஹைட்ராலிக் ஜாக் வைத்து இழுத்து நட்டுகளை இறுக்கினார்கள். அன்றைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் மார்ச் 8-க்கும் 15-க்கும் இடையில் 32 கம்பிகள் உடைந்தன. மூன்றில் ஒரு பங்கு.

அந்த வாரத்தில் நிலநடுக்கம் எதுவும் இல்லை, பாலத்தில் போக்குவரத்தும் இல்லை. இழுத்து நிறுத்திய கம்பிகள் நின்ற இடத்திலேயே சில நாள் கழித்து முறிந்தன. பிளேட்டிங் (உலோகப் பூச்சு) தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு குறிப்பே போதும், சந்தேகம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்: இறுக்கும்போது உடையாமல், இறுக்கிய பிறகு தாமதமாக உடைவது, எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும் ஹைட்ரஜன் செய்கிற வேலை. நம் தொழிலில் ஆட்களுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் முழுதாக எழுதுகிறேன்.

பின்னணி

பழைய பே பாலம் 1936-இல் திறக்கப்பட்டது. 1989 அக்டோபர் 17-இல் வந்த லோமா பிரியட்டா நிலநடுக்கத்தில் அதன் கிழக்குப் பகுதியின் மேல்தளத்தில் ஒரு துண்டு இடிந்து கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் கிழக்குப் பகுதி முழுவதையும் புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். செலவு சுமார் 640 கோடி டாலர். வடிவமைப்பு ஆயுள் 150 ஆண்டு. உப்புக்காற்றும் மூடுபனியும் எப்போதும் அடிக்கிற இடத்தில் ஒரு பாலம் 150 ஆண்டு நிற்க வேண்டும் என்றால், எஃகுக் கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு கேட்பது இயல்பான முடிவு. இந்த இடத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது.

கம்பிகளின் தரநிலை, அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் ஏ354, கிரேடு பி.டி. இந்த விட்டத்துக்குக் குறைந்தபட்ச இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 1,40,000 பவுண்டு, அதாவது சுமார் 965 மெகாபாஸ்கல். கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 31 முதல் 39 வரை. நமக்குப் பழகிய மொழியில் சொன்னால் 10.9 கிரேடு போல்டுக்கு நெருங்கிய உறவு. இவற்றை அந்த இழுவலிமையில் 70 சதவீதம் வரை இழுத்துவைத்தார்கள். ஏ354 பி.டி-க்கு வலிமையில் கிட்டத்தட்ட இணையான ஏ490 போல்டுகளை ஹாட் டிப் கால்வனைசிங் செய்யக் கூடாது என்று தரநிலையே தடுத்திருக்கிறது. ஏ354 பி.டி-க்கு அப்படி ஒரேயடியான தடை இல்லை. இரண்டும் ஒரே மாதிரி எஃகு. ஒன்றுக்குக் கதவு சாத்தியிருக்கிறது, மற்றதற்குத் திறந்திருக்கிறது. பெரிய தவறுகள் பெரும்பாலும் இந்த மாதிரி இடைவெளி வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

பூச்சுப் போட்டவர்கள் என்ன செய்தார்கள்

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடுகிற பகுதி இது. வலிமை மிகுந்த எஃகை அமிலத்தில் ஊறவைத்தால் ஹைட்ரஜன் உள்ளே போகும் என்பது 2008-இலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் இந்தக் கம்பிகளைப் பிக்ளிங் செய்யாமல், உலர் பிளாஸ்டிங் முறையில் துரு நீக்கிவிட்டு நேரே உருகிய துத்தநாகத்தில் முக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அப்படியே நடந்தது. இழுவலிமைச் சான்று இருந்தது. கடினத்தன்மைச் சான்று இருந்தது. காகிதத்தில் பார்த்தால் கம்பிகள் தரநிலைக்கு உட்பட்டவை.

அப்படியானால் ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? 2013 மே மாதம் வந்த முதல் உலோகவியல் அறிக்கை, உடைந்தது ஹைட்ரஜன் நொறுங்கலால்தான் என்று உறுதி செய்தது. இழுக்கும்போதே கம்பிக்குள் ஹைட்ரஜன் இருந்திருக்கிறது என்று அது சொன்னது. கூடவே எஃகைப் பற்றியும் சொன்னது: நுண்கட்டமைப்பு ஒரே சீராக இல்லை, நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் கடினத்தன்மையில் பெரிய வித்தியாசம், மேற்பரப்பை ஒட்டி அதிகக் கடினம், தாங்குதிறன் குறைவு. தரநிலையில் கூடுதல் நிபந்தனைகளாகப் பட்டியலிட்டிருக்கும் சோதனைகளை இனி வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

3 அங்குல உருளையைக் கடினப்படுத்தும்போது விளிம்பு வேகமாகக் குளிரும், நடு மெதுவாகக் குளிரும். அதனால் விளிம்பு கூடுதலாக இறுகும். மரை வெட்டியிருப்பது விளிம்பில். தகைவு குவிவது மரையின் அடிப்பள்ளத்தில். ஹைட்ரஜன் நுழைவதும் மேற்பரப்பு வழியாகத்தான். மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. சான்றிதழில் இருக்கும் ஒற்றை எண், கம்பியின் எந்த இடத்தில் அளந்தது என்று கேட்டால்தான் இது வெளியே வரும். 'கடினத்தன்மை 36, பாஸ்' என்று மட்டும் படித்தால் ஒன்றும் தெரியாது.

தண்ணீர்

ஈ2 தூணில் இந்தக் கம்பிகள் 2008-இலேயே குழாய்களுக்குள் இறக்கப்பட்டுவிட்டன. இழுத்தது 2013-இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டில் குழாய்களுக்குள் நீர் இறங்கி அடியில் தேங்கியிருந்தது. கம்பிகள் உடைந்ததும் அடிமுனை மரைப் பகுதியில்தான், அதாவது நீர் நின்ற இடத்தில்.

துத்தநாகப் பூச்சு எஃகைக் காப்பது எப்படி என்று நாம் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறோம்: துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு எஃகைக் காப்பாற்றும். சரி. அதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. நீருக்குள் துத்தநாகம் ஆனோடாக (கரையும் முனையாக) ஆகும்போது, பூச்சு உரிந்தோ கீறியோ வெளியே தெரிகிற எஃகு கேத்தோடாக (காக்கப்படும் முனையாக) ஆகிறது. கேத்தோடில் ஹைட்ரஜன் உருவாகும். அதில் ஒரு பங்கு எஃகுக்குள் போகும். மென்எஃகுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. இழுத்து நிறுத்திய உயர்வலிமை எஃகுக்கு, அதைக் காக்க வந்த பூச்சே ஹைட்ரஜனை ஊட்டுகிறது. கூடவே 450 டிகிரித் துத்தநாகத் தொட்டியின் சூடு, எஃகின் உள்ளே சிக்கியிருக்கும் ஹைட்ரஜனை அசைத்து விடுவிக்கும்; மேலே மூடியிருக்கும் துத்தநாகம் அதை வெளியே போக விடாது.

மீதிக் கம்பிகளின் கதி என்ன என்பதே அடுத்த கேள்வி. அந்தப் பாலத்தில் இதே கிரேடு கம்பிகள் மொத்தம் 2,306 இருந்தன. எந்தெந்தக் கம்பி தாங்கும் என்று தெரிய, ஹெர்பர்ட் டவுன்சென்ட் வகுத்த சோதனையைச் செய்தார்கள். கால்வனைசிங் செய்த உயர்வலிமை எஃகில் ஹைட்ரஜன் என்ன செய்கிறது என்று 1970-களிலேயே ஆராய்ந்து எழுதியவர் அவர். முழு அளவுக் கம்பியை உப்புநீரில் மூழ்கவைத்து, சுமையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நீண்ட நேரம் நிறுத்தி, எந்தச் சுமையில் உடைகிறது என்று பார்க்கும் சோதனை. அதன் பிறகு வந்த முடிவு இது: 2008 கம்பிகள் நீரில் நின்றுகொண்டே, தங்களால் நீருக்குள் தாங்கக்கூடிய வரம்புக்கு மேல் இழுக்கப்பட்டன. ஹைட்ரஜன் வந்தது சூழலிலிருந்து. அதே தூணில் 2010-இல் செய்து பொருத்திய 192 கம்பிகளை 2013 ஏப்ரலில் இழுத்தார்கள். அவற்றில் ஒன்றும் உடையவில்லை.

உடைந்த கம்பிகளைக் கழற்றி மாற்ற இடமே இல்லை. மேலே கட்டமைப்பு முழுவதும் அமர்ந்துவிட்டது. கடைசியில் அந்த 96 கம்பிகளின் வேலையையும் வேறொன்றிடம் கொடுத்தார்கள். எஃகுச் சேணம் ஒன்றை ஷியர் கீயின் மேல் போட்டு, வடங்களால் தூணோடு இழுத்துக் கட்டி, கான்கிரீட்டால் மூடினார்கள். அதற்கு மட்டும் சுமார் 2.5 கோடி டாலர். அது முடியும் வரை தற்காலிகமாக பேரிங்குகளில் எஃகுத் தகடுகளைச் செருகிவைத்து, பாலத்தைத் திட்டமிட்ட 2013 செப்டம்பரிலேயே திறந்தார்கள்.

இதில் நம் தொழிலுக்கு என்ன

இந்த நிகழ்வில் எஃகு செய்தவர், பூச்சுப் போட்டவர், தூண் கட்டியவர், கம்பியை இழுத்தவர் என்று ஒவ்வொருவரும் தன் கையில் இருந்த காகிதத்தின்படி வேலை செய்தார்கள். ஹைட்ரஜன் நொறுங்கலுக்கு மூன்று தேவை: இடம்கொடுக்கும் எஃகு, இழுவிசை, ஹைட்ரஜன். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பொறுப்பில் இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் வரிசையில் இல்லை. என் கணிப்பில், அந்த ஆள் பூச்சுத் தொழிலிலிருந்து வர வேண்டும். ஏனென்றால் எஃகையும் ஹைட்ரஜனையும் ஒரே நாளில் கையால் தொடுபவர் அவர்தான்.

ஆனால் நம் பயிற்சி அதற்கு ஆளைத் தயார் செய்கிறதா? ஒரு சிங்க் பிளேட்டிங் கடையில் புதிதாகச் சேரும் பையனுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறோம்? பாத்தின் பிஹெச், வெப்பநிலை, பிரைட்னர் எவ்வளவு ஊற்ற வேண்டும், ஹல் செல் தகட்டை எப்படிப் படிப்பது. 267 மில்லி ஹல் செல் அருமையான கருவி. குறைந்த கரண்ட், அதிகக் கரண்ட் இரண்டிலும் படலம் எப்படி அமரும் என்பதை ஒரே பித்தளைத் தகட்டில் காட்டிவிடும். ஆனால் தகட்டுக்குள் ஹைட்ரஜன் எவ்வளவு போனது என்று அது காட்டாது. பளபளப்பு, தடிமன், உப்புத் தெளிப்பு மணி நேரம் என்று நாம் அளக்கிற எல்லாமே பூச்சைப் பற்றியவை. அடியில் இருக்கும் எஃகைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

ஒரு சாதாரண காட்சியை எடுத்துக்கொள்வோம். கஸ்டமர் சாக்கில் போல்ட் வருகிறது. சீட்டில் 'எம்12, சிங்க் யெல்லோ, 8 மைக்ரான்' என்று இருக்கும். கிரேடு எழுதியிருக்காது. ஆனால் போல்ட் தலையிலேயே 8.8, 10.9, 12.9 என்று வலிமையைக் குறிக்கும் அச்சு இருக்கிறது. போல்டுகளைப் போட்டுச் சுழற்றிப் பூச்சுப் போடும் பாரலில் கொட்டுகிற ஹெல்பர்தான் அதை முதலில் பார்க்கிறவர். அவருக்கு அந்த எண்ணின் பொருள் தெரிந்திருந்தால், "அண்ணே, இதுல 12.9 போட்டிருக்கு, ஓவன் உண்டா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்பார். தெரியாவிட்டால் மற்ற போல்டோடு சேர்த்து ஒரே பாரலில் ஓடிவிடும். தலையில் எண்ணே இல்லாத ஸ்பிரிங் வாஷர், சர்க்லிப், மேற்பரப்பு மட்டும் கடினப்படுத்திய செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ இன்னும் மோசம். பார்க்கச் சில்லறைப் பொருள். ஹைட்ரஜனுக்கு இவைதான் சீக்கிரம் பலியாகும்.

எலக்ட்ரோ பிளேட்டிங் வரிசையில் ஹைட்ரஜன் நுழைய மூன்று வாசல். பொருளை எதிர்முனையாக வைத்து மின்சாரத்தால் சுத்தம் செய்யும் கேத்தோடிக் கிளீனிங் ஒன்று, ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டி இரண்டு, பிளேட்டிங் பாத் மூன்று. முதல் இரண்டையும் கடைக்காரரே அடைக்கலாம். கடினமான பொருளுக்கு, அதை நேர்முனையாக வைக்கும் ஆனோடிக் கிளீனிங் வைக்கலாம். அமிலத்தில் இன்ஹிபிட்டர் சேர்த்து, நேரத்தைக் கட்டுப்படுத்தலாம். முடிந்தால் ஷாட் பிளாஸ்டிங்குக்கே மாறலாம். நடைமுறையில் நடப்பது என்ன? டீ இடைவேளையில் பாரல் அமிலத்திலேயே தொங்குகிறது. துரு நன்றாகப் போகும், பிளேட்டிங்கும் பளிச்சென்று வரும். அதனால் அதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. இதை மாற்ற இயந்திரம் வாங்க வேண்டாம். தொட்டிக்கு மேலே ஒரு டைமர், கிரேடு வாரியாக அமில நேரம் எழுதிய அட்டை, ஏன் என்ற அரை மணி நேர விளக்கம், இவ்வளவு போதும். மூன்றாவது வாசலை முழுதாக அடைக்க முடியாது. குளோரைடு சிங்க் பாத்தில் கரண்ட் திறன் 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும், சயனைடு பாத்தில் அதைவிடக் குறையும். மீதிக் கரண்ட் ஹைட்ரஜனாகத்தான் போகிறது.

அடுத்தது ஓவன், உள்ளே புகுந்த ஹைட்ரஜனைச் சூட்டால் வெளியேற்றும் அடுப்பு. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. 190 முதல் 220 டிகிரியில் எஃகின் வலிமைக்கு ஏற்ற மணிக்கணக்கில் சூடேற்ற வேண்டும், பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் ஓவனில் போக வேண்டும் என்பது தொழிலில் பரவலாக இருக்கும் விதி. சீக்கிரம் போட்டால் இன்னும் நல்லது. சாயங்கால ஷிஃப்டில் பிளேட்டிங் முடித்து, காலையில் வந்து ஓவனில் போட்டால் ரெஜிஸ்டரில் ஓவன் கணக்கு சரியாக இருக்கும், போல்டுக்குள் விரிசல் தொடங்கியிருக்கக்கூடும். தொடங்கிய விரிசலை எந்தச் சூடும் மூடாது. நேரக் கணக்கும் ஓவன் முகப்பில் 200 என்று தெரிந்ததிலிருந்து தொடங்கக் கூடாது. ட்ரேயின் நடுவில் இருக்கும் பொருள் அந்தச் சூட்டுக்கு வந்ததிலிருந்து தொடங்க வேண்டும். தெர்மோகப்பிள் ஒன்றைக் குவியலின் நடுவே புதைத்து ஒருமுறை பார்த்தால், காற்றின் சூட்டைப் பொருளின் சூடு எவ்வளவு தாமதமாக எட்டிப்பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, வரிசை. ஓவன் முதலில், பாசிவேஷன் (துத்தநாகத்தின் மேல் உருவாக்கும் காப்புப் படலம்) பிறகு. மாற்றிச் செய்தால் 200 டிகிரியில் பாசிவேஷன் படலம் கெட்டுவிடும், உப்புத் தெளிப்பில் வெள்ளைத் துரு சீக்கிரமே வரும். பாரலிலிருந்து எடுத்து, அலசி, உலர்த்தி, ஓவனில் போட்டு, மறுபடி லேசான அமிலத்தில் காட்டி, பாசிவேஷன் செய்வது இரட்டை வேலை என்பது உண்மை. அதற்கான கூலியைக் கொட்டேஷனில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காத கடைதான் பிற்பாடு ஓவனை விட்டுவிடுகிறது.

எல்லா போல்டையும் ஓவனில் போடச் சொல்லவும் நான் தயாரில்லை. ஏஎஸ்டிஎம் எஃப்1941 போன்ற ஃபாஸ்னர் தரநிலைகள் ராக்வெல் சி 39 என்ற எல்லையை வைத்திருக்கின்றன; அதற்கு மேல் கடினமானவற்றுக்குத்தான் சூடேற்றுவது தேவை என்பது ஆய்வுகளின் அடிப்படையில் வந்த முடிவு. 8.8 போல்டுக்கு ஓவன் வீண் செலவு. 12.9 அந்த எல்லைக்கு மேலேதான் வரும். சிக்கல் 10.9-இல். அதன் மேல் வரம்பு அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. பே பாலத்துக் கம்பிகளும் காகிதத்தில் 39-க்குள் இருந்தவைதான். விளிம்பின் கடினமும், ஐந்து ஆண்டு நீரும், 70 சதவீத இழுவிசையும் சேர்ந்தபோது அந்த எல்லை உதவவில்லை. எல்லையை மனப்பாடம் செய்த ஆளைவிட, எந்த நிபந்தனைகளுக்குள் அந்த எல்லை செல்லும் என்று தெரிந்த ஆள்தான் நமக்கு வேண்டும்.

பயிற்சியை எப்படி அமைக்கலாம்

கரும்பலகையில் ஹைட்ரஜன் அணுவை வரைவதைவிட, ஒரு போல்டை உடைத்துக் காட்டுவது பலமடங்கு பலன் தரும். 12.9 போல்டுகளை வேண்டுமென்றே அமிலத்தில் நெடுநேரம் விட்டு, பிளேட்டிங் செய்து, பாதியை ஓவனில் போட்டு, பாதியைப் போடாமல், தலைக்கு அடியில் சாய்வான வாஷர் கொடுத்து இறுக்கிவைக்க வேண்டும். ஐஎஸ்ஓ 15330 சொல்லும் முன்சுமைச் சோதனையும் இப்படி இறுக்கிவைத்துப் பார்ப்பதுதான், ஆனால் அதில் சாய்வு வாஷர் இல்லை, இணையான தாங்கு பரப்புகள்தான். குறைந்தது 48 மணி நேரம் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. பயிலுபவர்களே இறுக்க வேண்டும், இரண்டு நாள் கழித்து அவர்களே வந்து எண்ண வேண்டும். கண்ணுக்கு ஒரே மாதிரி மின்னிய போல்டுகளில் சில தலை தெறித்துக் கிடப்பதைப் பார்த்தவர், ஓவன் ரெஜிஸ்டரில் பொய் நேரம் எழுதமாட்டார் என்று நம்புகிறேன். பாதுகாப்புக்குச் சோதனைத் தட்டைச் சுற்றித் தடுப்பு வைப்பது கட்டாயம். உடைந்த தலை வேகமாகத் தெறிக்கும்.

வரிசையைத் தொடர்ந்து கண்காணிக்க முறைகள் இருக்கின்றன. விமானத் துறையில் ஏஎஸ்டிஎம் எஃப்519-படி, பள்ளம் வெட்டிய மாதிரித் தண்டுகளைப் பிளேட்டிங் வரிசையில் ஓட்டி, உடையும் சுமையில் 75 சதவீதத்தில் 200 மணி நேரம் தொங்கவிடுவார்கள். உடையாவிட்டால் வரிசை தேறியது. ஃபாஸ்னர்களுக்கு எஃப்1940 என்று தனி முறை உண்டு. அது பொருளைச் சோதிப்பதில்லை, வரிசை எவ்வளவு ஹைட்ரஜன் ஏற்றுகிறது என்று சோதிக்கிறது. வாகனத் துறையின் சிக்யூஐ-11 தணிக்கையிலும் ஹைட்ரஜன் நீக்கும் ஓவனுக்குத் தனிக் கேள்விகள் உண்டு. தணிக்கைக்காரர் வரும் வாரம் மட்டும் பதில் தயார் செய்யாமல், அந்தக் கேள்விகளையே ஷிஃப்ட் பயிற்சிக்குப் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

ஜாப் கார்டில் நான்கு வரி கூட்டினாலே பெரிய மாற்றம் வரும். கிரேடு அல்லது கடினத்தன்மை என்ன? அதை எந்த இடத்தில் அளந்தார்கள்? பொருத்திய பிறகு இழுவிசையில் நிற்குமா? நீர் தேங்கும் இடமா? கடைசி இரண்டையும் பிளேட்டிங் கடை கேட்டால் கஸ்டமருக்கு எரிச்சல் வரும், 'உனக்கெதுக்கு' என்பார். அப்படியும் கேட்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் அந்த வரியை வெறுமையாக விட்டு, 'கஸ்டமர் தகவல் தரவில்லை' என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துக் கேட்கும்போது பலருக்குத் திடீரென்று டிராயிங் கிடைத்துவிடும்.

பே பாலம் போன்ற நிகழ்வு அமெரிக்காவோடு முடியவில்லை. 2014-இல் லண்டனில் லெடன்ஹால் கட்டடத்தின் பெரிய போல்டுகள் சில, கட்டடம் திறந்த பிறகு உடைந்தன. அங்கும் ஹைட்ரஜன் நொறுங்கல்தான் காரணம் என்று சொன்னார்கள். ஏராளமான போல்டுகளை மாற்றினார்கள். பே பாலத்திலேயே பின்னர் பிரதான கோபுரத்தின் அடியில் 400-க்கும் மேற்பட்ட கம்பிகளைச் சுற்றி நீர் தேங்கியிருப்பது தெரியவந்தது. ஈ2 தூணில் 32 கம்பிகள் உடைந்த பிறகு, அத்தனை அறிக்கைகள் எழுதிய பிறகும், அதே கிரேடு கம்பி அதே பாலத்தில் நீரில் நின்றிருக்கிறது. அறிக்கைகள் பொறியாளர்கள் மேசைக்குப் போயின. குழாயில் நீர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவர், மரையில் பூச்சு உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவுகிறவர், அமிலத் தொட்டியின் பக்கத்தில் நிற்கிறவர், இவர்களுக்கு அந்த அறிக்கையின் சாரம் அவர்கள் மொழியில் போய்ச் சேர வேண்டும். தமிழில் பிளேட்டிங் பயிற்சி நடத்துகிற யாரும் இந்த நிகழ்வை எடுத்து, கடைக்குள் இருக்கும் பொருட்களை வைத்தே ஒரு சிறு வகுப்பாக நடத்திவிடலாம். தேவையானவை 12.9 போல்டுகள், சாய்வு வாஷர், டார்க் ரெஞ்ச், ஓவன், இரண்டு நாள் காத்திருக்கும் பொறுமை. எல்லாம் நம் கடைகளில் ஏற்கெனவே இருக்கின்றன.